மாமா... இது ஏன் பாதியில நிக்குது?

"ஏண்டா, பொங்கலுக்கு வந்தவன் மூணு நாளா கட்டிலையும் செல்போனையும் விட்டு எழுந்திருக்கலை. இந்தப் பயலையாவது கொஞ்சம் வயப்பக்கம் கூட்டிட்டுப் போயிட்டு வாயேன்!"

அக்கா இப்படிச் சொன்னபோது நான் மல்லாந்து படுத்துக் கரும்பு கடித்துக் கொண்டிருந்தேன். ஆபீஸில் வருடம் முழுக்க உட்கார்ந்தே வேலை பார்க்கிறவனுக்கு லீவில் படுத்திருப்பதுதானே நியாயமான ஓய்வு?

"அவன் என்ன கைக்குழந்தையா? அவனே போவான்" என்றேன்.

"ஆத்துல தண்ணி போவுது. ஏழு வயசுப் புள்ளையைத் தனியா அனுப்பச் சொல்றியா? அவுங்கப்பா ஊர்ல இருந்தா உன்னை ஏண்டா கேக்கறேன்?"

அந்தக் கடைசி வாக்கியம்தான் என்னைக் கட்டிலை விட்டுக் கிளப்பியது. அத்தான் குவைத்தில் இருக்கிறார். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, நாற்பது நாள் லீவு. மற்ற நாட்களில் அவர் வீடியோ காலில் தெரிகிற அப்பா. 'சாப்பிட்டியா, படிச்சியா, அம்மா சொன்ன பேச்சைக் கேட்டியா' என்று மூன்று கேள்வி. மூன்றுக்கும் 'ம்' என்று ஒரே பதில். முடிந்தது.

தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போகிற பஸ்ஸில் ஏறினால் வழியில் ஐந்து ஆறுகள் வரும். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி. ஜன்னலோரம் சாய்ந்து ஒரு தூக்கம் போட்டால் ஐந்தையும் பார்க்காமலே தாண்டி விடலாம். நான் பல வருடமாக அப்படித்தான் தாண்டிக் கொண்டிருந்தேன். அக்கா வீடு குடமுருட்டிக் கரைப் பக்கம். கொல்லைக் கதவைத் திறந்தால் வாய்க்கால். வாய்க்காலைத் தாண்டினால் வயல்.

லுங்கியை மடித்துக் கட்டிக் கொண்டு கிளம்பினேன். முன்னால் மருமகன். பின்னால் நான். என் கையில் செல்போன்.

பஸ் கண்டக்டர் வேகத்தில் கேள்விகள்

"மாமா, நண்டு ஏன் பக்கவாட்டுலயே நடக்குது?"

"ம்..."

"மாமா, இந்த வளைக்குள்ள நண்டு இருக்கா, பாம்பு இருக்கா? எப்படிக் கண்டுபிடிக்கறது?"

"கையை விடாத. அவ்வளவுதான்."

"மாமா, கொக்கு ஏன் மெஷின் பின்னாலயே போவுது?"

சம்பா அறுவடை நடந்து கொண்டிருந்தது. அறுவடை மெஷின் ஒன்று வயலைச் சுற்றிச் சுற்றி வர, அதன் பின்னால் வெள்ளைக் கொக்குகள் ஊர்வலமாக நடந்தன. நான் ஆபீஸ் குரூப்பில் யாரோ அனுப்பிய ஜோக்குக்குச் சிரிப்புப் பொம்மை போட்டுக் கொண்டிருந்தேன்.

"சும்மா வாடா. கொக்குன்னா போவும்."

கண்டக்டர் டிக்கெட் கிழிக்கிற வேகத்தில் கேள்வி வந்து கொண்டேயிருந்தது. கடைசியில் வாய்க்கால் ஓரத்துப் பனைமரத்தடியில் நின்று விட்டான். கீழே ஒரு தூக்கணாங்குருவிக் கூடு விழுந்து கிடந்தது. நாம் படத்தில் பார்க்கிற, நீளக் குழாய் தொங்குகிற முழுக் கூடு இல்லை. கவிழ்த்து வைத்த தொப்பி மாதிரி பாதிக் கூடு. அடியில் குறுக்கே ஒரு பட்டை. அவ்வளவுதான்.

"மாமா... இது ஏன் பாதியில நிக்குது?"

எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு விஷயம் பாருங்கள், ஆபீஸில் 'தெரியாது' என்று சொன்னால் அப்ரைசல் ஃபாரத்தில் கை வைத்து விடுவார்கள். அந்தப் பழக்கம். கூசாமல் அடித்து விட்டேன்:

"காத்துல கிழிஞ்சு போச்சுடா. மீதி பறந்து போயிருக்கும்."

அவன் கூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"கிழிஞ்ச மாதிரி இல்லையே மாமா. ஓரமெல்லாம் நல்லா முடிஞ்சிருக்கே..."

மாட்டிக் கொண்டேன். ஏழு வயதுப் பையனிடம் மாட்டிக் கொண்ட பெரியவன் என்ன செய்வான்? எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன்.

"சும்மா தொணதொணங்காதடா! பேசாம வா!"

பேசாமல் வந்தான். வீடு வரைக்கும்.

சமத்தாகி விட்ட பையன்

மே மாதம் ஒரு கல்யாணத்துக்காக மறுபடி ஊருக்குப் போனேன். ஆற்றில் தண்ணீர் இல்லை. மேட்டூரை வழக்கமாக ஜனவரி 28-ம் தேதியோடு மூடி விடுவார்கள். அணையில் தண்ணீர் இருந்தால் ஜூன் 12-ல் திறப்பார்கள். நடுவில் குடமுருட்டி வெறும் மணல். நானே வலியப் போய்க் கூப்பிட்டேன்.

"மருமகனே, வாக்கிங் போலாமா?"

"சரி மாமா."

வந்தான். என் பக்கத்திலேயே நடந்தான். ஆற்று மணலில் ஓர் ஓரமாக, புனல் மாதிரி சின்னச் சின்னக் குழிகள். குழியானை! சின்ன வயதில் நாங்கள் பிடித்து, உள்ளங்கையில் விட்டு, அது பின்பக்கமாகவே நகர்வதை வேடிக்கை பார்த்த அதே குழியானை. இவன் பார்த்தான். ஒரு நிமிடம் குனிந்தான். நிமிர்ந்தான். நடந்தான்.

ஒரு கேள்வி இல்லை. ஒன்றுகூட இல்லை.

வீட்டுக்கு வந்து அக்காவிடம், "என்ன, பய ரொம்ப அமைதியாயிட்டான்?" என்றேன்.

"ஆமாண்டா. இப்பல்லாம் தொணதொணன்னு எதையும் கேக்கறதே இல்லை. சமத்தாயிட்டான்!" என்றாள் அக்கா, பெருமையாக.

எனக்குச் சுருக்கென்றது.

'இது ஒரு விஷயமா சார்? பையன் கேள்வி கேட்கவில்லை என்றால் நிம்மதிதானே?' என்பீர்கள். நானும் அப்படி நினைத்துப் பார்த்தேன். முடியவில்லை. இதற்கு என்னுடைய ஒரு வார்த்தை மட்டும் காரணமாக இருக்காது. பள்ளிக்கூடத்தில் ஒருவர், டியூஷனில் ஒருவர், பஸ்ஸில் ஒருவர் என்று பல பேர் சேர்ந்து, 'பேசாம வா', 'பேசாம இரு', 'பேசாம எழுது' என்று சொல்லியிருப்பார்கள். ஆனால் அந்த வரிசையில் தாய்மாமன் நானும் ஒருவன். கேள்வி கேட்கிற குழாயை எல்லாருமாகச் சேர்ந்து மூடுகிறோம். எந்தக் கை கடைசியாக அழுத்தித் திருகியது என்று யாருக்குத் தெரியும்? என் கையாகவே இருந்து விட்டால்?

பெண் பார்க்க வரும் குருவி

சென்னைக்கு வந்ததும் முதல் சனிக்கிழமை எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்குப் போனேன். தூக்கணாங்குருவி பற்றித் தேடினேன். படிக்கப் படிக்க, அட, இது நம்ம கதை!

கூடு கட்டுவது ஆண் குருவி. நெல் தாளையோ பனையோலையையோ அலகால் ஓரத்தில் கடித்து, அப்படியே பறந்து நாராகக் கிழித்து எடுத்து வரும். ஒரு கூட்டுக்கு ஐந்நூறு தடவை வரைகூடப் போய் வருமாம். சுமார் 18 நாள் வேலை. ஆனால் ஒரே மூச்சில் கட்டி முடிப்பதில்லை. எட்டு நாளில் தொப்பி அளவுக்கு வந்ததும் நிறுத்தி விடும். பிறகு அதில் தொங்கிக் கொண்டு, இறக்கையைப் படபடவென்று அடித்து, போகிற வருகிற பெண் குருவிகளைக் கூப்பிடும்.

பெண் குருவி வந்து பார்க்கும். உள்ளே போய்ச் சோதிக்கும். பிடித்திருந்தால் சம்மதம். அதற்குப் பிறகுதான் ஆண் குருவி மீதியைக் கட்டி, குழாய் வைத்து முடிக்கும். பிடிக்கவில்லை என்றால் பறந்து விடும். பாதிக் கூடு பாதியிலேயே நிற்கும்.

பஜ்ஜி, சொஜ்ஜி எதுவும் கிடையாது!

இன்னொன்றையும் கேளுங்கள். பெண் குருவி கூடு எவ்வளவு அழகாகப் பின்னியிருக்கிறது என்பதைவிட, அது எந்த இடத்தில் இருக்கிறது என்பதைத்தான் அதிகம் கவனிக்கிறது என்று ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள். வீடு எப்படி என்பது அப்புறம். ஏரியா எது என்பதுதான் முதல் கேள்வி. ஹவுசிங் லோன் போட்டு, ஊருக்கு வெளியே முப்பது கிலோமீட்டரில் ஃபிளாட் வாங்கி வைத்துவிட்டுப் பெண் தேடும் நம் ஆபீஸ் நண்பர்கள் இந்த இடத்தில் ஒரு பெருமூச்சு விட்டுக் கொள்ளலாம்.

கூட்டுக்குள் களிமண் ஒட்டி வைப்பதும் உண்மை. அதில் மின்மினிப் பூச்சியைப் பதித்து ராத்திரி விளக்கேற்றும் என்பது மட்டும் நம் ஊர்ப் பாட்டிகள் வைத்த கதை.

இந்தக் குருவியின் குடும்ப ரகசியத்தை உலகுக்குச் சொன்னவர் சாலிம் அலி. 1930-ல் பம்பாய்க்குத் தெற்கே கடலோரத்தில் இருக்கும் கிஹிம் கிராமத்தில் தூக்கணாங்குருவிக் கூட்டங்களை நாள் கணக்கில் உட்கார்ந்து பார்த்துத்தான் கண்டுபிடித்தார். ஒரு பெண் முட்டையிட்டு அடைகாக்க உட்கார்ந்ததும் இந்த ஆசாமி அடுத்த கூட்டைக் கட்ட ஆரம்பித்து, அடுத்த பெண்ணுக்குச் சமிக்ஞை கொடுப்பார் என்பதுவரை! (இந்தப் பகுதியை மட்டும் மருமகனுக்கு நான் சொல்லவில்லை.)

அதைவிட என்னை நிமிர வைத்தது சாலிம் அலியின் சொந்தக் கதை. 1896-ல் பிறந்தவர். ஒரு வயதில் அப்பா போய்விட்டார். மூன்று வயதில் அம்மாவும் போய்விட்டார். வளர்த்தது யார் தெரியுமோ? தாய்மாமன்! அமிருத்தீன் தியாப்ஜி என்று பெயர். பையன் ஒரு நாள் விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு சிட்டுக்குருவியைச் சுட்டான். எடுத்துப் பார்த்தால் தொண்டையில் மஞ்சள் திட்டு. 'இது என்ன குருவி மாமா?' என்று கொண்டு போய்க் காட்டினான்.

மாமா பெரிய வேட்டைக்காரர். பறவைகளைப் பற்றித் தெரியாதவர் இல்லை. ஆனால் அந்தக் குருவியை அவருக்குத் தெரியவில்லை. 'காத்துல மஞ்சள் ஒட்டிக்கிட்டிருக்கும்டா' என்று அவர் அடித்து விடவில்லை. தெரிந்தவரிடம் அனுப்பினார். பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தில் செயலாளராக இருந்த மில்லார்டு என்பவருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்து, 'போய்க் கேள்' என்றார். போன பையன் அங்கே அலமாரி அலமாரியாகப் பாடம் செய்து வைத்திருந்த பறவைகளைப் பார்த்தான். பிறகு வாழ்நாள் முழுக்கப் பறவைகளை விட்டு வேறு பக்கம் திரும்பவில்லை. 1976-ல் பத்மவிபூஷண். 1985-ல் எழுதிய சுயசரிதைக்குக்கூட ஒரு சிட்டுக்குருவியின் வீழ்ச்சி என்று பொருள்படத்தான் பெயர் வைத்தார்.

ஒரு மாமாவுக்குத் 'தெரியாது'. நாட்டுக்கு ஒரு சாலிம் அலி.

எனக்கும்தான் தெரியவில்லை. நான் என்ன செய்தேன்? கன்னிமாராவில், மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து கொண்டிருந்த எனக்கு வேர்த்தது.

"அன்னிக்கு மாமா சொன்னது பொய்"

ஆகஸ்டில் சுதந்திர தினத்தோடு இரண்டு நாள் லீவு சேர்ந்தது. ஓடினேன். ஆற்றில் தண்ணீர் வந்திருந்தது. குறுவை பச்சையாக நிற்க, பக்கத்து வயல்களில் சம்பாவுக்குச் சேறடித்துக் கொண்டிருந்தார்கள். செல்போனை வேண்டுமென்றே அக்காவின் மிக்ஸி பக்கத்தில் வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

நேராக அந்தப் பனைமரம். பதினோரு கூடுகள் தொங்கின. மஞ்சள் தலையோடு ஆண் குருவிகள் ஒரே ரகளை. நான் வரப்பில் உட்கார்ந்தேன்.

"மருமகனே, பொங்கலுக்கு ஒரு பாதிக் கூட்டைக் காட்டிக் கேட்டியே, ஞாபகம் இருக்கா?"

தலையை ஆட்டினான்.

"அன்னிக்கு மாமா சொன்னது பொய்டா. எனக்குத் தெரியாது. தெரியாதுன்னு சொல்ல வெட்கமா இருந்திச்சு. நீ சொன்னதுதான் சரி. அது கிழியலை."

அவன் என் முகத்தைப் பார்த்தான். பெரியவர்கள் இப்படிப் பேசி அவன் கேட்டிருக்க மாட்டான் போலிருக்கிறது. பக்கத்து வயலில் மண்வெட்டியோடு மடை திருப்பிக் கொண்டிருந்த பெரியவர் ஒருவர் நிமிர்ந்தார்.

"என்ன தம்பி, குருவிக் கூடா? அது பொட்டைக் குருவிக்குப் புடிக்கலேன்னா அப்படியே போட்டுட்டு வேற கூடு கட்டும். வருஷா வருஷம் பாக்கறதுதானே!"

எனக்கு எப்படி இருந்திருக்கும்? கன்னிமாராவரை போய் நான் தேடி எடுத்த விஷயம், அந்தப் பனைமரத்திலிருந்து முப்பதடி தூரத்தில் மண்வெட்டியோடு நின்று கொண்டிருந்திருக்கிறது! பொங்கலன்றே, 'தெரியாதுடா, வா, யாரையாவது கேப்போம்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

மருமகன் மெதுவாக வாயைத் திறந்தான்.

"தாத்தா, புடிக்கலேன்னு அது எப்படிச் சொல்லும்?"

ஏழு மாதம் கழித்து முதல் கேள்வி. பெரியவர் சிரித்தார். "எங்க வீட்டுக்காரி மாதிரிதான் பேராண்டி. ஒண்ணும் சொல்லாது. எழுந்து போயிடும்!"

அதற்கப்புறம் குழாய் திறந்து கொண்டது. டிராக்டர் ஒன்று இரும்புச் சக்கரத்தோடு சேறடித்துக் கொண்டிருந்தது. பின்னால் அதே கொக்கு ஊர்வலம்.

"மாமா, கொக்கு ஏன்..." என்று ஆரம்பித்து நிறுத்தி, என்னைப் பார்த்தான். சோதிக்கிறான்!

"எனக்கும் சரியாத் தெரியலை. பாப்போமா?" என்றேன்.

பார்த்தோம். டிராக்டர் நின்றது. டிரைவர் டீ குடிக்க இறங்கினார். கொக்குகள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு அங்கங்கே கலைந்து விட்டன. மறுபடி டிராக்டர் கிளம்பியது. மறுபடி எல்லாம் ஓடி வந்து சேர்ந்து கொண்டன. "மாமா, மண்ணைக் கிளறினாத்தான் வருது!" என்றான். கிட்டே போய்ப் பார்த்தோம். சேறு புரளப் புரள, பூச்சிகளும் புழுக்களும் சின்னத் தவளைகளும் துள்ளி வெளியே வந்தன. கொக்குக்கு அலைச்சல் மிச்சம். டிராக்டர்காரர் வாடகை வாங்காமல் பரிமாறுகிறார்.

அவனாகக் கண்டுபிடித்தான். நான் சொன்னது ஒரே வார்த்தை. 'பாப்போமா?'

அன்று ராத்திரி குவைத்திலிருந்து கால் வந்தது. வழக்கமான மூன்று கேள்வி முடிவதற்குள் பையன் இடைமறித்து, "அப்பா, நம்ம பனைமரத்துல பதினோரு கூடுப்பா! அதுல நாலு பாதிக் கூடு. ஏன் தெரியுமா?" என்று ஆரம்பித்து, இருபது நிமிடம் விடவில்லை. அந்தப் பக்கத்தில் அத்தான் வேலை முடிந்த களைப்போடு கட்டிலில் உட்கார்ந்து, கண் கொட்டாமல் கேட்டுக் கொண்டிருந்தது சின்ன ஸ்கிரீனில் தெரிந்தது.

வாரக் கடைசி அப்பாக்கள்

எல்லாருக்கும் கொல்லைக் கதவைத் திறந்தால் வயல் இருக்குமா என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் ரிச்சர்ட் ஃபெயின்மன் என்று ஒரு பௌதிக மேதை. 1965-ல் நோபல் பரிசு வாங்கியவர். அவருடைய அப்பா விஞ்ஞானி இல்லை. யூனிஃபார்ம் விற்கிற கம்பெனியில் வேலை. கோடை விடுமுறையில் குடும்பத்தைக் கேட்ஸ்கில் மலைப்பக்கம் விட்டுவிட்டு, திங்கள் முதல் வெள்ளி வரை நியூயார்க்கில் வேலை பார்த்து, சனி, ஞாயிறு மட்டும் வருகிற அப்பாக்கள் கூட்டத்தில் அவரும் ஒருவர். வந்த இரண்டு நாளில் பையனைக் காட்டுப் பக்கம் நடக்கக் கூட்டிப் போவார். இதைப் பார்த்து மற்ற அம்மாக்கள் தங்கள் கணவர்களையும் விரட்டியடிக்க, எல்லா அப்பாக்களும் நடக்க வேண்டியதாயிற்றாம். அக்காக்கள் எந்த ஊரிலும் அக்காக்கள்தான்!

திங்கள்கிழமை ஒரு பையன், 'அதோ அந்தப் பறவையின் பெயர் என்ன?' என்று ஃபெயின்மனைக் கேட்டான். இவனுக்குத் தெரியவில்லை. 'உங்க அப்பா உனக்கு ஒண்ணுமே சொல்லித் தரலையா?' என்று அவன் கேலி செய்தான். உண்மையில் அப்பா சொல்லித் தந்திருந்தது வேறு. ஒரு பறவையின் பெயரைப் பத்து பாஷையில் தெரிந்து கொண்டாலும் பறவையைப் பற்றி ஒன்றும் தெரிந்ததாகாது, அது என்ன செய்கிறது என்று பார் என்பதுதான் அது. அந்த அப்பா சொன்ன விவரங்கள் எல்லாமே சரியானவை இல்லை என்று மகனே பிறகு ஒப்புக் கொண்டிருக்கிறார். ஆனால் பார்க்கும் முறை சரி. அது போதுமானதாக இருந்தது.

அப்பாதான் வேண்டும் என்றுகூட இல்லை. பூச்சி மருந்துகளின் ஆபத்தைப் பற்றி 1962-ல் 'சைலண்ட் ஸ்பிரிங்' எழுதி உலகத்தையே உலுக்கினாரே, ரேச்சல் கார்சன், அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. அக்கா மகளின் குட்டிப் பையன் ரோஜர்தான் அவருடைய நடைத் துணை. ஒன்றரை வயது தாண்டிய அந்தப் பையனை, மழை கொட்டுகிற ஓர் இருட்டு ராத்திரியில், போர்வையில் சுற்றித் தூக்கிக் கொண்டு போய்ப் பொங்குகிற கடலைக் காட்டியிருக்கிறார். இருவரும் சேர்ந்து சிரித்தார்களாம். பையனுக்கு எதையும் பாடமாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. குழந்தையின் ஆச்சரியம் அணையாமலிருக்க, கூடவே ஆச்சரியப்பட ஒரே ஒரு பெரியவர் போதும் என்றார். 1956-ல் ஒரு பத்திரிகையில் இதைக் கட்டுரையாக எழுதினார். அடுத்த வருடமே ரோஜரின் அம்மா இறந்துவிட, பையனைத் தானே தத்தெடுத்துக் கொண்டார். கட்டுரையை விரித்துப் புத்தகமாக்க ஆசைப்பட்டார். 1964-ல் கார்சன் இறந்து போனார். அவருக்குப் பிறகு, 1965-ல் அந்தக் கட்டுரைதான் புத்தகமாக வந்தது.

'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று தள்ளிப் போடுகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

கூட்டிப் போகிறவர்களுக்கு...

கல்யாணமாகாத பிரம்மச்சாரிகள் பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். நீங்கள் யாருக்காவது மாமாவாகவோ சித்தப்பாவாகவோ இருப்பீர்கள். எதுவும் இல்லையென்றால் பக்கத்து வீட்டு அண்ணனாக இருப்பீர்கள். அனுபவத்தில் நான் கற்றுக் கொண்டவை இவை:

1. நீங்கள் பின்னால் நடங்கள். குழந்தை நிற்கிற இடத்தில் நில்லுங்கள். ஒரு மணி நேரத்தில் இருநூறு அடிதான் போனீர்களா? நல்ல வாக்கிங்.

2. செல்போன் வீட்டில் இருக்கட்டும். தவிர்க்க முடியாதென்றால் பையில், சத்தமில்லாமல்.

3. பாம்பு, எலி வளைகளில் கையோ குச்சியோ வேண்டாம். புல் மண்டிய வரப்பில் காலைத் தட்டி வைத்து நடங்கள். இருட்டுவதற்குள் வீடு. இல்லையென்றால் கையில் டார்ச்.

4. ஆற்றில் இறங்கும் முன் ஊர்க்காரரைக் கேளுங்கள். மணல் அள்ளிய பள்ளம் தண்ணீருக்கடியில் தெரியாது. குழந்தையின் கை உங்கள் கையில் இருக்கட்டும்.

5. வயலுக்குள் கால் வைக்குமுன்பும் கேளுங்கள். மருந்து அடித்த வயலாக இருக்கலாம். எலிக்கு, பன்றிக்கு என்று கரண்ட் கம்பி இழுத்திருக்கலாம். இடி இடித்தால் ஒற்றைப் பனைக்கடியில் ஒதுங்காதீர்கள்.

6. இருக்கிற கூட்டில், முட்டையில் கை வைக்கக் கூடாது. கீழே விழுந்ததை மட்டும் எடுக்கலாம்.

7. தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். ஆனால் அதோடு நிறுத்தி விடாதீர்கள். 'பாப்போமா? யாரையாவது கேப்போமா?' என்பதுதான் அடுத்த வரி.

நீ இரு!

அடுத்த பொங்கலுக்கு அத்தான் லீவில் வந்திருந்தார். மாட்டுப் பொங்கலன்று காலையில் அப்பாவும் பிள்ளையும் கொல்லைப் பக்கம் கிளம்பினார்கள். நானும் வழக்கம்போல லுங்கியை மடித்துக் கட்டிக் கொண்டு செருப்பைத் தேடினேன்.

அக்கா கண்ணாலேயே அதட்டினாள். "நீ இரு!"

இருந்தேன். பொய் சொல்வானேன்? கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது. கட்டில் இருந்தது, கரும்பு இருந்தது, செல்போன் இருந்தது. ஒன்றிலும் மனசு போகவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் கொல்லைக் கதவைப் பார்த்துக் கொண்டிருந்தேன்.

இரண்டு மணி நேரம் கழித்து வந்தார்கள். இரண்டு பேர் காலிலும் முழங்கால் வரை சேறு. பையன் நேராக அம்மாவிடம் ஓடினான். அத்தான் கிணற்றடியில் கால் கழுவிக் கொண்டே மெதுவாகச் சொன்னார்:

"அவன் கேட்டதுல பாதிக்கு எனக்குப் பதில் தெரியலை மச்சான். முதல்ல ஒரு மாதிரி ஆயிடுச்சு. ரெண்டு வருஷம் கழிச்சு வந்திருக்கோம், பயலுக்கு ஒண்ணும் சொல்ல முடியலையேன்னு... 'தெரியலியேப்பா'ன்னேன். உடனே என் கையைப் புடிச்சிக்கிட்டு என்ன சொன்னான் தெரியுமா?"

"என்ன சொன்னான்?"

"'பரவாயில்லப்பா. மாமாவுக்கும் ஒண்ணும் தெரியாது. வாங்க, நாமளே பாக்கலாம்'ங்கறான்!"

ஆபீஸில் சேர்ந்து இத்தனை வருடமாகிறது. இவ்வளவு நல்ல அப்ரைசல் எனக்கு இதுவரை யாரும் எழுதியதில்லை!